நல்லாத்தான் தூங்குறாரு

எங்கள் லயத்தில் அப்பாவின் குறட்டைக்குத் தனிப் பெயர் உண்டு. லுக்குட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டம் அது. பலகைச் சுவர்கள், சுவருக்கும் கூரைக்கும் நடுவே திறந்த இடைவெளி. ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள். அப்படிப்பட்ட லயத்தில் இரவெல்லாம் உறுமிய அந்தச் சத்தத்தை யாரும் குறையாகச் சொன்னதில்லை. "கொடுத்து வச்ச மனுசன். தலைய சாய்ச்சா போதும், தூக்கம் வந்துருது" என்பார்கள். அதே மனிதர் பால் நிறுத்துப் போட்டுவிட்டு ஸ்டோர் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தால், அதே வாய்கள் வேறு சொல்லை எடுக்கும். சோம்பேறி. வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொன்னார், கணக்கு எழுதும் கிராணி சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கோபம் வந்த ஒரு நாள் நானும் சொன்னேன்.

இரவில் கொடுத்து வைத்தவர், பகலில் சோம்பேறி. இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவன் அரை மணி நேரத்தில் பசி என்றால் உடம்பில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுகிறோம். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவன் காலை பத்து மணிக்கே தூங்கி விழுந்தால் மட்டும் குணம் சரியில்லை என்கிறோம். குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம், பகல் தூக்கம் சோம்பலின் அடையாளம் என்ற இந்த நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் எதிர்ப்பது இதைத்தான். இது தவறு என்பதோடு விடமாட்டேன். இது ஆளைக் கொல்லும் தவறு.

குறட்டை என்பது காற்று வழி குறுகிப்போன சத்தம். தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னால் சரிகின்றன. குறுகிய வழியில் காற்று நுழையும்போது சதை அதிர்கிறது. எல்லாக் குறட்டையும் நோய் அல்ல. சளி பிடித்த இரவில் யாரும் குறட்டை விடலாம். ஆனால் சிலருக்கு அந்த வழி முழுதாகவே அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, வயிறு இழுக்கிறது, காற்று மட்டும் உள்ளே போவதில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட. இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. மூளை பதறி உடம்பை உலுக்குகிறது. ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்புகிறது, குறட்டை மறுபடியும் தொடங்குகிறது. தூங்குகிறவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. மருத்துவர்கள் இதைத் தூக்க மூச்சுத்தடை என்கிறார்கள். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள், முப்பதை எட்டினால் கடுமையான நிலை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ஏழு மணி நேரத்தில் இருநூற்றுப் பத்து முறை ஒருவரின் கழுத்தை நெரித்து நெரித்து விடுவதற்குச் சமம். அதைத்தான் நாம் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உழைச்ச களைப்பு, அதான் குறட்டை" என்பார்கள். உழைத்த களைப்பு என்றால் தூங்கி எழுந்ததும் அது போயிருக்க வேண்டும். காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுகிறவருக்கு, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறவருக்கு, எத்தனை மாத்திரை மாற்றினாலும் இரத்த அழுத்தம் இறங்காதவருக்குக் களைப்பு தீரவே இல்லை என்றுதான் பொருள். அவர் இரவு முழுவதும் வேலை பார்த்திருக்கிறார், மூச்சு விடுகிற வேலை.

சோம்பேறி என்ற சொல் நம் லயத்துக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்ற பொருள்படும் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், ஜாவானியர் ஆகிய மூன்று மக்களைக் காலனி முதலாளிகள் எப்படிச் சோம்பேறிகள் ஆக்கினார்கள் என்பது அந்த நூலின் விவாதம். தன் கீழ் வேலை செய்யாதவனை, தான் கேட்ட அளவு வேலை செய்யாதவனை முதலாளி சோம்பேறி என்றான். தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்தச் சொல், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் கிடைத்தது. துரை சொன்னதைக் கிராணி சொன்னார், கிராணி சொன்னதைத் தண்டல் சொன்னார், தண்டல் சொன்னதை வீட்டில் நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். துரை போய்விட்டார். பெயரேடு போய்விட்டது. சொல் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது.

அந்தப் பிரட்டு எத்தனை மணிக்கு என்பதை இப்போதைய பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டும். விடியும் முன். குளிர் இருக்கும்போதுதான் மரம் பால் நன்றாக விடும், வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் நான்கு மணிக்கே அடுப்பு எரியும். தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு அம்மாக்கள் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போவார்கள். சுவா பெத்தோங்கானாலும் சிலியாவ் ஆனாலும் லின்சம் ஆனாலும் இதே கதைதான். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அரைத் தூக்கத்தில் வளர்ந்த சமூகம் இது. தூங்காதிருப்பதை நெஞ்சுரம் என்றும், தூங்குவதைக் குற்றம் என்றும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். 'மடியின்மை' அதிகாரத்தைச் சொல்லி அதட்டாத வாத்தியார் உண்டா? ஆனால் வள்ளுவர் கண்டிப்பது சோம்பலை விரும்பிப் பிடித்துக்கொள்கிறவனை. தூக்கத்தைப் பறிகொடுத்தவன் மீது அந்தக் குறள்களை எறிவது குறளுக்கே செய்யும் தீங்கு.

கும்பகர்ணன் என்று பட்டப்பெயர் வைப்பதும் அப்படித்தான். அவன் கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வரம் கேட்கும்போது நாக்குப் புரண்டு, கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. அவன் தூக்கம் அவன்மேல் விழுந்த கேடு. கதை சொன்னவர்கள் அவனைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. போர்க்களத்தில் அண்ணனுக்காக உயிரைக் கொடுத்த வீரன் என்றே சொன்னார்கள். இங்கிலாந்திலும் இப்படி ஒரு பாத்திரம் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில் ஜோ என்ற பருத்த பையன் நின்றபடியே தூங்குவான், குறட்டை விடுவான். படித்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சிரித்தார்கள். 1956-இல்தான் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், உடல் பருமனோடு மூச்சுக் குறைந்து பகலில் தூங்கி விழும் நோயாளிக்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைபடுவதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1965-இல் பதிவு செய்து காட்டினார்கள். ஆக, இந்த நோய்க்குப் பெயர் கிடைத்தே அறுபது எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் தாத்தாக்களுக்குத் தெரியாமல் போனதை மன்னிக்கலாம். கைபேசியில் உலகத்தையே வைத்திருக்கும் நமக்கு மன்னிப்பு இல்லை.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பிறகு தாமான்களாக மாறின. பால்வாளியைக் கீழே வைத்த கைகள் எங்கே போயின? போர்ட்டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒப்பந்த வேலைக்கு, செனவாங் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டுக்கு, 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு அங்கே சரக்கு ஏற்றி இறக்கவும் ஜாகா என்ற காவல் வேலைக்கும். லோரி ஓட்டப் போனார்கள், பேருந்து ஓட்டப் போனார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறும்போது உடம்பின் உள்கடிகாரம் எதற்கும் ஒத்துவருவதில்லை. அதுவே தனி நோயாக முற்றுவதும் உண்டு. அதன் மேல் மூச்சுத்தடையும் சேர்ந்த ஒருவரின் கையில் நாற்பது உயிர்கள் ஏறிய பேருந்தின் ஸ்டீயரிங் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடிக்கவில்லை, கைபேசி பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு தூக்கச் சோதனை செய்தபோதுதான் அவருக்குக் கடுமையான மூச்சுத்தடை இருப்பது தெரிந்தது. அறிகுறிகள் முன்பே இருந்தும் யாரும் அவரைச் சோதனைக்கு அனுப்பவில்லை என்று விசாரணை சொன்னது. மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை, 2016 செப்டம்பரில் பக்கத்து மாநிலத்தின் ஹோபோக்கன் நிலையத்தில் இன்னொரு ரயில் முட்டிக்கொண்டது. நடைமேடையில் நின்ற ஒரு பெண் இறந்தார். அந்த ஓட்டுநருக்கும் அதே நோய், அவருக்கும் அதுவரை சோதனை இல்லை. பணமும் மருத்துவமும் நிறைந்த ஊரிலேயே இந்த நிலை. நம் ஊரில் மோட்டாரோடு செம்பனைக் காட்டு ஓரம் வடிகாலில் கிடந்தவரைப் பற்றி "ஏத்திட்டு வந்திருப்பான்" என்று ஒரே வாக்கியத்தில் கோப்பை மூடிவிடுகிறோம்.

குடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "ரெண்டு கிளாஸ் போட்டாத்தான் தூக்கம் வரும்" என்பதும் இதே நம்பிக்கையின் குட்டி. சம்சுவோ பீரோ, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். அடைப்பு நீளும். தூக்க மாத்திரையும் பல வேளைகளில் அப்படியே. மூச்சுத்தடை உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் தூக்க மாத்திரை நன்மை அல்ல.

லுக்குட்காரர்களுக்கு நான் ஒன்றை நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புக்கிட் பெலாண்டோக். 1998 கடைசியில் தொடங்கி அங்கே பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலிலும் மயக்கத்திலும் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுதான் காரணம் என்றார்கள். வீடு வீடாகப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் செத்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பன்றியோடு பழகிய பெரியவர்களையே நோய் ஏன் பிடிக்கிறது என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டார். அது கிடைத்த நோயாளியின் ஊர் சுங்கை நீப்பா. அதனால் கிருமிக்கு நீப்பா என்று பெயர். மலேசியாவில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொண்டுபோனது. நீப்பாவும் குறட்டையும் ஒன்றல்ல. ஆனால் தவறான பெயரை வைத்துக்கொண்டு சிகிச்சை செய்தால் என்ன ஆகும் என்பதை உலகத்தில் வேறு எந்த ஊரையும்விட அதிகமாகப் பார்த்த ஊர் இது. சோம்பல் என்று பெயர் வைத்தால் ஏச்சுதான் மருந்தாக வரும். ஏச்சுக்குத் தொண்டை திறக்காது.

பெண்களின் நிலை இன்னும் மோசம். கணவர் குறட்டை விட்டால் மனைவி கேட்கிறாள். மனைவி குறட்டை விட்டால் யார் கேட்பது? மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் மூச்சுத்தடை கூடுகிறது. பல பெண்களுக்கு அது இடி முழக்கமாக வருவதில்லை. தூக்கம் வரவில்லை, உடம்பு அசதி, எரிச்சல், மறதி என்று வரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று அவர்களே தங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கோ தொண்டைச் சதையும் மூக்கின் பின் சதையும் வீங்கி வழியை அடைக்கும். அவர்களில் பலர் பெரியவர்களைப் போலப் பகலில் தூங்கி விழமாட்டார்கள், துறுதுறுவென்று ஓடுவார்கள், பாடத்தில் மனம் நிற்காது. வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளையை வகுப்பில் முட்டாள் என்று கடைசி வரிசைக்குத் தள்ளிய தமிழ்ப்பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒல்லியானவர்களுக்கு வராது என்பதும் பொய். தாடை சிறுத்தோ பின்தள்ளியோ இருந்தால் ஒல்லியான ஆசியருக்கும் வரும். ஆனாலும் பருமன் பெரிய காரணம் என்பதை மறைக்கக்கூடாது. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள். இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு, மற்ற எல்லா இனத்தையும்விட அதிகம். மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். நீரிழிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுகாதாரக் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களில் எத்தனை பேரிடம் தூக்கத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள்?

எல்லாத் தூக்கக் கோளாறும் மூச்சுத்தடை அல்ல. விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருப்பதை அமுக்குவான் பேய் என்போம், மலாய்க்காரர்கள் 'திண்டே' என்பார்கள். கனவுத் தூக்கத்தில் உடம்பு தானாகவே தசைகளைப் பூட்டி வைக்கிறது, பூட்டு திறக்கும் முன் மனம் விழித்துக்கொண்டால் அதுதான் அமுக்குவான். எப்போதோ ஒரு முறை வந்தால் பயமில்லை. அடிக்கடி வந்து, கூடவே பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழுவதும் இருந்தால் அது நார்கொலெப்சி என்ற மூளை நோயாக இருக்கலாம். கால் குடைச்சலால் தூங்க முடியாதவருக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். கனவில் உதைத்துப் பக்கத்தில் படுத்தவரை அடிக்கும் முதியவரை மூளை நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும், சிலருக்கு அது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டு முந்திய அறிகுறி. நான் முனீஸ்வரரைக் கும்பிடுகிறவன். திருநீறு பூசிக்கொள்ளுங்கள், எலுமிச்சை வையுங்கள். அப்படியே கிளினிக்குக்கும் போங்கள். கோயிலுக்குப் போவதற்காகக் கிளினிக்கை விட வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்டதில்லை.

போனால் என்ன நடக்கும் என்று தெரியாததும் ஒரு பயம். முதலில் எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு தாள். மெல்பர்ன் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வகுத்தது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது கண்ணயர்வீர்களா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை போடச் சொல்வார்கள். மொத்தம் பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கழுத்தை அளப்பார்கள், தொண்டையைப் பார்ப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட், அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற இடத்து நிபுணரிடம் போனால் ஐந்து ரிங்கிட். தூக்கச் சோதனை என்பது ஓர் இரவு தூங்குவதுதான். தலையிலும் கண்ணோரத்திலும் காலிலும் ஒட்டும் கம்பிகள், மூக்கில் ஒரு சிறு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் பிராணவாயு அளக்கும் கவ்வி. ஊசி இல்லை, வலி இல்லை. சிலருக்கு வீட்டிலேயே சிறிய கருவியைக் கட்டிக்கொண்டு தூங்கச் சொல்வார்கள்.

சிகிச்சையும் இருக்கிறது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், காற்றை ஊதும் மோட்டாரை மூக்கு மூடியோடு இணைத்துத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கலாம் என்று ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டிய கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன் கடுமையானவர்களுக்கு இருந்த வழி கழுத்தில் துளையிடுவது. இன்று அந்தக் கருவி கட்டில் ஓரத்தில் ஒரு சிறு ரேடியோ போல உட்கார்ந்திருக்கிறது. எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தொண்டைச் சதை அறுவையே தீர்வு. ஆனால் கருவிக்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவருக்கு அது எட்டாத தொகை. சோதனை வசதி பெரிய மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் கோயிலுக்குத் தகரமும் பள்ளிக்கு வெள்ளையும் கேட்கிற நாம், இதையும் கேட்க வேண்டும். பேருந்தும் லோரியும் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தூக்கச் சோதனை வேண்டும், மூச்சுத்தடை உறுதியானவர்களில் ஏழைகளுக்குக் கருவி வேண்டும்.

அப்பா ஜாகா வேலையில் தூங்கிவிட்டார் என்று வேலையைவிட்டு அனுப்பப்பட்டார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பிறகு அதிக நாள் இல்லை. அவருக்குத் தூக்கச் சோதனை நடக்கவே இல்லை, அதனால் அவருக்கு இருந்தது இதுதான் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் இரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் ஒரு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் கேட்பார், "தூக்கம் எப்படி?" அப்பா சொல்வார், "நல்லாத் தூங்குறேன் டாக்டர்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அம்மா வெளியே பெஞ்சில் அப்பாவின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வருடம் இந்த நோயைப் பற்றி அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"மூச்சு நின்னுரும்டா. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். முப்பது வரைக்கும் எண்ணிட்டு, பயந்து போயி விலாவுல இடிப்பேன். அப்புறந்தான் இழுப்பாரு. கல்யாணம் ஆன நாலாவது வருசத்துலருந்து அப்படித்தான்."

"டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"என்ன எங்கடா உள்ள கூப்புட்டாங்க?"